சுரங்கத்தில் புளித்த தண்ணீர்

(மலேசியாவின் கெடா மாநிலத்து லூனாஸில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாக்டீரியாவைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வருவீர்கள் என்று ஏற்பாட்டாளர்களே எதிர்பார்க்கவில்லை என நினைக்கிறேன். நாற்காலி பற்றாமல் பின்னால் நிற்பவர்கள் மன்னிக்க வேண்டும். நோயைப் பற்றிய பேச்சு என்று எண்ணி வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோய் இன்று ஓரிடத்தில் மட்டும்தான் தலைகாட்டும். மற்றதெல்லாம் கல்லும் தண்ணீரும்.

கனடாவில் ஹியூரான் ஏரிக்கு வடக்கே எலியட் லேக் என்று ஓர் ஊர். யுரேனியத்துக்காகவே 1950களில் எழுந்த ஊர் அது. அங்கே டெனிசன் சுரங்கத்தில், நிலத்துக்கு அடியில், வினோதமான ஒரு வேலை நடந்தது. பாறையை வெடி வைத்து உடைப்பார்கள். உடைத்த கல்லை மேலே தூக்க மாட்டார்கள். சுரங்க அறையின் வாயைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே அமிலத் தண்ணீரை நிரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். சில வாரம் ஊறியதும் தண்ணீரை வடித்து மேலே ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீரில் யுரேனியம் கரைந்து வந்திருக்கும். கல் அங்கேயே கிடக்கும். 1988இல் மட்டும் இந்த முறையில் சுமார் 300 டன் யுரேனியம் எடுத்தார்கள். அன்றைய விலையில் இரண்டரைக் கோடி அமெரிக்க டாலருக்கும் மேல்.

அதே வட்டாரத்தில் ஸ்டான்ராக் என்று இன்னொரு சுரங்கம். 1960களில் அங்கே தாது வெட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் ஆட்கள் உள்ளே போய், வெட்டி முடித்த அறைகளின் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். கழுவிய தண்ணீரில் யுரேனியம். சில மாதம் கழித்துப் போனால் அதே சுவர் மறுபடியும் கொடுத்தது. சுரங்கத்துக்குள் ஆள் இல்லாத நேரத்திலும் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஆளின் இன்றைய பெயர் அசிடிதயோபாசில்லஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ். பெயரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அமிலத்தில் வாழ்வது, கந்தகத்தைத் தின்பது, இரும்பை ஆக்சிஜனோடு சேர்ப்பது என்று அதன் மூன்று குணத்தையும் ஒரே பெயரில் திணித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 1947இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வடிந்த புளித்த தண்ணீரில் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர் இதைக் கண்டார்கள். கரிச்சுரங்கத் தண்ணீர் ஏன் இவ்வளவு அமிலமாகிறது, ஓடையெல்லாம் ஏன் துருப்பிடித்த நிறமாகிறது என்பதுதான் அவர்கள் ஆராய்ந்த கேள்வி. உலோகம் எடுக்கும் யோசனை அவர்களுக்கு இருக்கவில்லை. சூழலைக் கெடுக்கும் குற்றவாளியைத் தேடிப் போன இடத்தில் கிடைத்ததுதான் இந்தத் தொழிலாளி. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது என்ன சாப்பிடுகிறது? நம் உடம்பில் சோற்றுக்கு என்ன வேலையோ, அந்த வேலையை இதற்கு இரும்பும் கந்தகமும் செய்கின்றன. ரப்பர் மரத்து இலை நோய்க்குத் தோட்டங்களில் கந்தகத் தூள் அடிப்பார்களே, அந்தத் தூளைக் கொடுத்தாலும் தின்று கந்தக அமிலமாக மாற்றிவிடும். உடம்பு கட்ட வேண்டிய கரியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெயில் வேண்டாம். இருட்டில், நம் கையை வைத்தால் எரிகிற அமிலத்தில், 30 டிகிரி சூட்டில் சௌகரியமாக இருக்கும். ஆனால் காற்று கட்டாயம் வேண்டும். டெனிசனில் அடியிலிருந்து காற்று ஊதியது இதற்காகத்தான்.

உலோகத் தாதுவில் பெரும்பகுதி கந்தகத்தோடு கட்டிக்கொண்டு கிடக்கிறது. செம்பு, துத்தநாகம், நிக்கல், கோபால்ட் எல்லாம் அப்படித்தான். கூடவே பைரைட் இருக்கும், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த, மஞ்சளாக மின்னும் கல். தங்கம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. இந்தக் கட்டை அவிழ்ப்பது யார்? பாக்டீரியா நேராகக் கல்லைக் கடிப்பதாக முன்பு நினைத்தார்கள். முக்கால் வேலையைச் செய்வது தண்ணீரில் கரைந்த இரும்புதான் என்று இப்போது தெரியும். இரும்புக்கு இரண்டு நிலை உண்டு. பசித்த நிலை ஒன்று, அதை ஃபெர்ரிக் என்பார்கள். வயிறு நிறைந்த நிலை இன்னொன்று, அது ஃபெர்ரஸ். ஃபெர்ரிக் இரும்பு கல்லிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும். பிடுங்கியதும் கல்லின் கட்டு அவிழ்ந்து செம்பு தண்ணீருக்குள் இறங்கும். இரும்பு ஃபெர்ரஸாகிவிடும், அதற்கு மேல் அதனால் உதவியில்லை. அங்கேதான் பாக்டீரியா வருகிறது. ஃபெர்ரஸிடமிருந்து எலெக்ட்ரானை வாங்கித் தான் பிழைத்துக்கொண்டு, இரும்பை மறுபடி ஃபெர்ரிக்காக்கி அனுப்புகிறது. பால்மரக் காட்டுக்கும் ஸ்டோருக்கும் நடுவில் காண்டா வாளி போய்ப் போய் வருமே, மரத்தடியில் நிறைந்து, ஸ்டோரில் கவிழ்ந்து, காலியாகத் திரும்பும். இரும்பு அந்த வாளி. பாக்டீரியா ஸ்டோரில் நின்று கவிழ்த்துவிடுகிற ஆள்.

இந்தக் கவிழ்க்கும் வேலை பாக்டீரியா இல்லாமலும் நடக்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் மிக மெதுவாக நடக்கும். 1970இல் சிங்கர், ஸ்டும் என்ற இரு வேதியியலார் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாக்டீரியா இருந்தால் வேகம் பத்து லட்சம் மடங்குவரை கூடுகிறது. இயற்கையைத் தன் போக்கில் விட்டால் பல தலைமுறை எடுக்கும் வேலை, ஒரு மழைக்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது.

பெயர் தெரியாமலேயே மனிதர்கள் இந்தத் தொழிலாளியிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள். 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன் சைப்ரஸ் தீவுக்குப் போனார். அங்கே மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் பச்சைத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் குளமாகத் தேங்கிக் கிடந்தது. அடிமைகள் குடத்தில் அள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். உள்ளே மூச்சு முட்டும், அதனால்தான் ஓட்டம். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் காயவிட்டால் செம்பு உப்பு படியும், மருந்துக்கு ஆகும். கேலன் மருந்தைப் பற்றி எழுதப் போனவர், அடிமைகளைப் பற்றியும் எழுதினார். சீனத்தில் சோங் அரச மரபின் காலத்தில், 11ஆம் நூற்றாண்டு வாக்கில், இத்தகைய மலைத்தண்ணீரில் இரும்புத் தகட்டைப் போட்டுச் செம்பைப் பிரித்து நாணயம் அடித்தார்கள். இரும்பு கரையும், செம்பு படியும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மயில்துத்தத் தண்ணீரில் ஆணியைப் போட்டுப் பார்த்த மாணவர்கள் இங்கே இருந்தால், நீங்கள் செய்ததும் அதுதான்.

முறைப்படி இதைத் தொழிலாக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1958இல் கென்னகாட் செப்பு நிறுவனம் காப்புரிமை வாங்கியது. இன்று உலகில் எடுக்கும் செம்பில் ஆறில் ஒரு பங்கு, சிலர் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு, பாக்டீரியா கை பட்டு வருகிறது என்கிறார்கள். பெரும்பாலும் சிலி நாட்டில். அங்கே சுரங்கத்துக்குள் வைத்துச் செய்வதில்லை. மட்டமான தாதுவை மலை மாதிரிக் குவித்து, அடியில் தண்ணீர் இறங்காத விரிப்புப் போட்டு, மேலே அமிலத்தைச் சொட்டவிடுவார்கள். ஒரு குவியல் செம்பைக் கொடுத்து முடிக்க மாதங்கள் ஆகும், சில சமயம் ஆண்டுகளும் ஆகும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாத தொழில்.

இனித் தங்கத்துக்கு வருவோம். தமிழர்களுக்குத் தங்கச் சுரங்கம் என்றால் கோலார்தான். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்த இடம். அதே காலத்தில் அதே மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கோலாருக்குப் பாக்டீரியா தேவைப்படவில்லை. அங்கே தங்கம் பெரும்பாலும் வெள்ளைப் படிகக்கல்லில் தனியாகவே கிடந்தது. அரைத்துச் சயனைடில் கரைத்தால் வந்துவிடும். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். மிஞ்சியது மூன்று கோடி டன்னுக்கும் மேலான சக்கை, ஊருக்கு நடுவில் மேடு மேடாக. காற்றடித்தால் அந்தத் தூசிதான் வீட்டுக்குள் வரும்.

எல்லாத் தங்கமும் கோலார் தங்கம் மாதிரி இணங்கி வராது. சில தாதுவில் தங்கத் துகள் பைரைட்டுக்குள்ளோ, ஆர்செனிக் கலந்த பைரைட்டுக்குள்ளோ புதைந்திருக்கும். எவ்வளவு நைசாக அரைத்தாலும் சயனைடு தங்கத்தைத் தொடாது. பாதித் தங்கம்கூட வராமல் சக்கையோடு போகும். பழைய வழி, தாதுவைச் சூளையில் வறுப்பது. கந்தகப் புகையும் ஆர்செனிக் புகையும் ஊர் முழுக்கப் பரவும். பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து அந்தத் தாதுவைப் போட்டால் நான்கைந்து நாளில் பைரைட் சுவர் இடிந்துவிடும். அப்புறம் சயனைடு உள்ளே போகும், பத்தில் ஒன்பது பங்குத் தங்கம் கைக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் பார்பர்ட்டன் அருகே ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986இல் இதைத் தொடங்கினார்கள். 1994இல் கானாவின் ஒபுவாசியில் மிகப் பெரிய அளவில் வந்தது.

இந்தியாவில் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் கே.ஏ. நடராஜன். கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் ஹட்டி தங்கச் சுரங்கம் இருக்கிறது, இன்றும் நிலத்துக்கு அடியில் ஓடுகிற அரசுச் சுரங்கம். அந்த நிறுவனத்தின் இணங்காத தாது ஒன்றுக்கு, சித்ரதுர்கா பக்கத்து ஜி.ஆர். ஹள்ளித் தாதுவுக்கு, அவருடைய குழு பாக்டீரியாத் தொட்டிகளை வடிவமைத்துச் செய்து காட்டியது. எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பாக்டீரியாவை அவர்கள் நம்பவில்லை. அந்தந்தச் சுரங்கத்துத் தண்ணீரில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்ததைப் பிடித்து, அந்தத் தாதுவுக்கே பழக்கி வளர்த்தார்கள். ஆர்செனிக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால்தான் இது சாகாமல் வேலை பார்க்கும். உள்ளூர் ஆள் உள்ளூர் வேலைக்கு என்பதை வேதியியலும் ஒப்புக்கொள்கிறது. ஜாம்ஷெட்பூரில் தேசிய உலோகவியல் ஆய்வகம் துராம்டி யுரேனியத் தாதுவில் இதே முறையைச் சோதித்திருக்கிறது. அங்கேயும் அந்தச் சுரங்கத்து உயிரிகளையே எடுத்துப் பழக்கினார்கள்.

‘இதெல்லாம் சரி, நம் கெடாவில்?’ என்று முன்வரிசையில் ஒரு ஐயா முகத்தாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேராகவே சொல்கிறேன். கெடாவின் ஈயத்துக்கு, அதாவது வெள்ளீயத்துக்கு, இந்த வித்தை பலிக்காது. கூலிம், காராங்கான் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் ஈயத்துக்காகத்தான் சீனர்கள் வந்து குடியேறினார்கள். சிந்தோக்கில் இன்று பல்கலைக்கழகம் நிற்கிற நிலம் அன்று ஈய லம்பம். பாலிங்கைத் தாண்டி பேராக் எல்லைக்குள் நுழைந்தால் கிளியான் இந்தானில் இன்னும் ஈயம் எடுக்கிறார்கள். ஆனால் நம் ஈயத்தாது கந்தகத்தோடு கட்டிக்கொண்டதல்ல, ஆக்சிஜனோடு கட்டிக்கொண்டது. அதில் பாக்டீரியாவுக்குத் தின்ன ஒன்றுமே இல்லை. பட்டினி போட்டு யாரிடமும் வேலை வாங்க முடியாது. பகாங்கின் சுங்கை லெம்பிங்கில் 300 கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடிப் பாதை வெட்டினார்கள், உலகத்தின் பெரிய நிலத்தடி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. 1985இல் ஈய விலை விழுந்தது, 1986இல் சுரங்கம் மூடியது. அதைக் காப்பாற்ற எந்தப் பாக்டீரியாவாலும் முடிந்திருக்காது. யாராவது உங்களிடம் வந்து, பழைய ஈயக்குட்டையில் நுண்ணுயிர் விட்டு ஈயம் எடுக்கலாம், பங்கு போடுங்கள் என்றால், பணத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டில் வேறு இடங்களில் வாய்ப்பு இருந்தது. பகாங்கின் செலின்சிங் தங்கச் சுரங்கத்தில் மேல்மண் தாது தீர்ந்து, கந்தகத் தாது வந்ததும் பாக்டீரியா வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் தாதுவை நுரையில் மிதக்கவிட்டுச் செறிவாக்கி விற்கும் வழிக்குப் போனார்கள். தொட்டி கட்டும் செலவு, காற்று ஊதும் மின்சாரம் இரண்டையும் கணக்குப் பார்த்தால் அது ஆச்சரியமில்லை. பாக்டீரியா சம்பளம் கேட்காது, ஆனால் மூச்சுக்குக் காசு கேட்கும். சபாவில் ரானாவ் அருகே மாமூட் செம்புச் சுரங்கம் 1975 முதல் 1999 வரை ஓடியது. அதன் தாது சால்கோபைரைட் என்ற வகை. உலகச் செம்பில் பெரும்பங்கு இந்த வகையில்தான் இருக்கிறது, பாக்டீரியாவுக்கு மிகவும் பிடிவாதம் காட்டுவதும் இந்த வகைதான். கரைய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு தோல் படிந்து மூடிக்கொள்கிறது. மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டிலும் இதே தாது, இதே பிடிவாதம்.

மாமூட்டில் வேடிக்கை என்னவென்றால், சுரங்கம் நடந்தபோது யாரும் கூப்பிடாத பாக்டீரியா, மூடிய பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது. குழியில் தண்ணீர் தேங்கி ஏரியாகிவிட்டது. காரத்தன்மை, அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். கணக்கில் அந்தத் தண்ணீர் 3ஐ ஒட்டி நிற்கிறது, காடி அளவுக்குப் புளிப்பு. சுவரில் மிஞ்சிய பைரைட் மழையிலும் காற்றிலும் கரைந்துகொண்டே இருக்கிறது. செம்பும் கரைகிறது, ஆனால் எடுப்பார் இல்லை.

இன்று மாலை நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். இந்தப் பாக்டீரியாவை வேலைக்கு வைப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. காற்றும் தண்ணீரும் பைரைட்டும் சேர்ந்தால் கூப்பிடாமலே வரும். வேலையை நிறுத்தச் சொல்வதுதான் வித்தை. டெனிசனுக்கே திரும்பிப் பாருங்கள். 300 டன் யுரேனியம் கொடுத்த அதே வினை, எலியட் லேக்கின் சக்கை மேடுகளில் கேட்பாரில்லாமல் நடந்து, செர்பன்ட் ஆற்றைக் கெடுத்தது. அந்த ஆற்றங்கரைப் பழங்குடி மக்கள் பல ஆண்டு போராடினார்கள். சுரங்கம் 1992இல் மூடியது. சக்கையைத் தண்ணீருக்கு அடியில் மூழ்கவைத்து, காற்று படாமல் இன்றுவரை காவல் காக்கிறார்கள். தண்ணீர் வற்றினால் அமிலம் மறுபடி தொடங்கும்.

பின்லாந்தில் தல்விவாரா என்று ஒரு சுரங்கம். 2008இல் பாக்டீரியாவை நம்பியே நிக்கலும் துத்தநாகமும் எடுக்கத் தொடங்கினார்கள். உறைய வைக்கும் குளிரிலும் குவியல் தன் சூட்டிலேயே வேலை பார்த்தது, அறிவியலில் குறை சொல்ல முடியாது. கெட்டது தண்ணீர்க் கணக்கு. மழையும் பனியும் சேர்ந்து தேக்கங்கள் நிரம்பி வழிந்தன. 2012 நவம்பரில் கழிவுக் குளத்தில் ஓட்டை விழுந்து, உலோகத் தண்ணீர் சுற்றியுள்ள ஓடைகளில் பாய்ந்தது. 2014இல் நிறுவனம் திவாலானது, பிறகு அரசாங்கம் தலையிட்டு எடுத்துக்கொண்டது. நம் ஊர் மழையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கெடாக்காரர்களுக்கு இந்த அமிலம் புதிதல்ல. மெர்போக் பக்கம் கடலை ஒட்டிய தாழ்நிலத்தில் சதுப்புக் காட்டை அழித்து, வடிகால் வெட்டி, பயிர் வைத்தார்கள். வைத்த இடத்தில் பயிர் நிற்கவில்லை. காணில் துருநிறத் தண்ணீர், வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் மஞ்சளில் திட்டுத் திட்டாகப் படிவு. மண்வெட்டியின் இரும்பு அரித்துப்போகும். ‘மண்ணு புளிச்சிருச்சு’ என்பார்கள், அது வேதியியல் கணக்கிலும் சரிதான். சதுப்பு மண்ணுக்குள் ஆயிரம் ஆயிரம் ஆண்டாகப் பைரைட் சேர்ந்து கிடந்தது. ஈரத்தில் மூழ்கியிருந்தவரை அது யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கியதும் காற்று உள்ளே போனது, அசிடிதயோபாசில்லஸ் வேலையைத் தொடங்கியது. டெனிசனில் கோடி கொடுத்துச் செய்ததை நாம் மண்வெட்டியால் இலவசமாகச் செய்துவிட்டோம். பிறகு சுண்ணாம்பு கொட்டுவதும், வடிகாலை அடைத்துத் தண்ணீர் மட்டத்தை உயர்த்துவதும் பரிகாரமாயிற்று.

2023இல் சிக் வட்டாரத்தில் அபூர்வ மண் தனிமத்தைத் திருட்டுத்தனமாக எடுத்த விவகாரம் நாளிதழ்களில் வந்தது. பலர் என்னிடம் அதுவும் பாக்டீரியா வேலையா என்று கேட்டார்கள். இல்லை. அது களிமண்ணில் ஒட்டியிருக்கும் தனிமத்தை, மலைக்குள் உப்புத் தண்ணீரைச் செலுத்திக் கழுவி எடுப்பது. அமோனியம் சல்பேட்டு, நம்மில் பலர் உரமாக வீசிய அதே சல்பேட்டுதான். முறை வேறு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மலைக்குள் விட்ட தண்ணீர் அத்தனையும் திரும்ப வந்ததா? ஊலு மூடா காட்டை நம்பிக் கெடாவும் பினாங்கும் குழாயைத் திறக்கின்றன. திரும்பி வராத தண்ணீர் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லூனாஸுக்கு வெகு அருகில் ஒரு தாது இருக்கிறது. அது பூமிக்குள் இல்லை, மின்னணுக் கழிவில் இருக்கிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்ததிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். ஒரு டன் தங்கத் தாதுவில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கம் நடத்துவார்கள். ஒரு டன் பழைய கைப்பேசிப் பலகையில் நூறு கிராமுக்கும் மேல் இருக்கும். அந்தப் பலகையைத் திறந்த வெளியில் எரித்தும், அமிலத்தில் முக்கியும் உலோகம் எடுக்கிற இடங்களின் புகையை மூக்கால் அறிந்தவர்கள் இங்கே உண்டு. அதற்குப் பதிலாக, முதலில் நம் இரும்புப் பாக்டீரியாவைக் கொண்டு செம்பைக் கரைத்து வெளியேற்றலாம். சில வாரம் போதும். தங்கத்துக்கு வேறோர் உயிரி இருக்கிறது, குரோமோபாக்டீரியம் வயலாசியம். வெப்பநாட்டு மண்ணிலும் ஆற்றுத் தண்ணீரிலும் வாழ்வது. வளர்த்தால் கத்திரிக்காய் ஊதாவில் பளபளக்கும். அது தானே கொஞ்சம் சயனைடு தயாரிக்கும், அந்தச் சயனைடு தங்கத்தைக் கரைக்கும், மிஞ்சியதைத் தானே செரித்தும்விடும். செம்பு முன்னால் நின்றால் சயனைடு முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும், அதனால்தான் செம்பை முதலில் விரட்ட வேண்டும்.

நோய் என்று நான் சொன்ன இடம் இதுதான். இந்த ஊதா உயிரி காயத்தின் வழியாக ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மனிதருக்கு இது தொற்றியதாக முதலில் பதிவானது 1927இல், நம் மலாயாவில்தான். எனவே வீட்டுக் கொல்லையில் வாளி வைத்து வளர்க்கும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில்கூடத் தங்கத்தில் சிறு பங்குதான் இதுவரை பிடிபடுகிறது. தொழிலாக வளரவில்லை. ஆறாம் படிவத்தில் உயிரியலும் வேதியியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கே நிறைய வேலை பாக்கி இருக்கிறது. பழைய டயர்த் தூளில் ரப்பரைக் கட்டிப்போட்டிருக்கும் கந்தகத்தை இதே குடும்பத்துப் பாக்டீரியாவால் அவிழ்க்கவும் முயல்கிறார்கள். தூளின் மேல்தோலுக்கு மேல் அதனால் போக முடியவில்லை. போக முடிந்தால் நல்லது, ரப்பரை மறுபடி ரப்பராக்கலாம்.

கடைசியாக ஒரு நாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும். விக்டோரியா, டப்ளின் போன்ற தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுக் குளத்தின் வாடை தெரிந்திருக்கும், கூமுட்டை வாடை. அதிலும் பாலைச் செறிவாக்கும் ஆலை என்றால் கேட்கவே வேண்டாம். செறிவுப்பால் பிரித்த பிறகு மிஞ்சும் மெலிந்த பாலைக் கந்தக அமிலம் ஊற்றித்தான் கட்டியாக்குவார்கள். அந்த அமிலத்தின் சல்பேட்டு கழிவோடு குளத்துக்குப் போகும். குளத்தின் அடியில், காற்றே இல்லாத சேற்றில், வேறொரு கூட்டம் காத்திருக்கிறது. சல்பேட்டை உறிஞ்சி ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே விடும் பாக்டீரியாக்கள். வாடைக்குக் காரணம் அவைதாம். சுரங்கத்துப் பாக்டீரியா கந்தகத்தை அமிலமாக்கும், இவை அமிலத்தின் சல்பேட்டைச் சல்பைடுக்குத் திருப்பும். நேர் எதிர் வேலை. மெர்போக் சதுப்பு மண்ணில் பைரைட்டைச் சேர்த்து வைத்ததும் இவைதாம், கடல் தண்ணீரின் சல்பேட்டை எடுத்து.

ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஒரு குணம். கரைந்திருக்கும் செம்பு, துத்தநாகம், காட்மியம் எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். சுரங்கத்து அமிலத் தண்ணீரை இந்தச் சேற்றுப் பாக்டீரியாவின் தொட்டி வழியாக விட்டால் அமிலமும் குறையும், உலோகமும் பிரியும். நெதர்லாந்தில் புடெல் என்ற ஊரில் துத்தநாக ஆலை ஒன்று இருக்கிறது. நூறாண்டு வேலையில் அதன் கீழிருந்த நிலத்தடி நீர் முழுக்க உலோகமும் சல்பேட்டுமாகக் கெட்டிருந்தது. 1992இல் இந்தப் பாக்டீரியாவைத் தொட்டியில் வைத்து அந்தத் தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். படிந்த துத்தநாக சல்பைடைக் கொட்டக்கூட இல்லை, மறுபடி ஆலைச் சூளைக்கே அனுப்பினார்கள்.

மாமூட் ஏரிக்கு இது பலிக்குமா என்றால், பலிக்கும், ஆனால் பாக்டீரியாவுக்குத் தீனி போட வேண்டும். இவை இரும்பைத் தின்று வாழ்பவை அல்ல, கரிமப் பொருள் வேண்டும். மரத்தூள், எரு, செம்பனை ஆலைக் கழிவு, ரப்பர் ஆலைக் கழிவு என்று எது மலிவோ அது. நம் நாட்டில் இந்தத் தீனிக்குப் பஞ்சமில்லை. கழிவுக் குளங்களை எவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டும், எத்தனை நாள் தேக்க வேண்டும், எந்த மாதத்தில் வாடை கிளம்பும் என்பதெல்லாம் ரப்பர் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் கைவந்த அறிவு. அப்படி வேலை பார்த்த இரண்டு மூன்று பேர் கூட்டத்தில் இருப்பதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். நான் பேசி முடித்துவிட்டேன். உங்கள் கேள்விகளை எடுத்துக்கொள்வதற்கு முன், அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: பெருமழையில் குளம் நிரம்பும்போது என்ன செய்வீர்கள், ஐயா? கொஞ்சம் முன்னால் வந்து ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.